செம்பில் தீர்ந்த தண்ணீர்

மகனே,

இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துவிட்டு, அப்பு யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிடித்து எழுதுவித்திருக்கிறார் என்று நினைத்துவிடாதே. இது என் கை. இதுவரை உனக்கு வந்த கடிதங்களை, மருமகள் மலர் இங்கே இருந்தவரை அவள் எழுதினாள். அவள் உன்னிடம் வந்த பிறகு அயல் வீட்டார் எழுதினார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவார்கள். சொல்ல நினைத்ததில் பாதி என் தொண்டையிலேயே நின்றுவிடும். அயலவர் காதில் விழக்கூடிய பேச்சு வேறு, மகனுக்குச் சொல்ல வேண்டிய பேச்சு வேறு. இப்போது உனக்கும் எனக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. ஒரு வரி முடிப்பதற்குள் ஒரு சுருட்டுப் புகைந்து முடிந்துவிடுகிறது, ஆனாலும் இந்த வயதில் எனக்கு இதைப்போல ஒரு சந்தோசம் வரும் என்று நான் நினைக்கவில்லை. சென்ற மாதம் உன் அம்மாவின் கல்லறைக்குப் போனேன். சிலுவையில் அவள் பெயர் எழுதியிருக்கிறது என்று மற்றவர் சொல்லித்தான் எனக்கு இவ்வளவு காலமும் தெரியும். இந்த முறை நானே வாசித்தேன். வெயிலில் நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன்.

உன் கடிதத்தையும் நானே வாசித்தேன். உனக்கு மகன் பிறந்திருக்கிறான் என்ற இடத்துக்கு வந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். அதன் பிறகுதான் உன் கேள்வி வந்தது. "இங்கை எங்கடை தெரு முடக்கிலை லூத்தரன் கோயில் ஒண்டு இருக்கு. தமிழ் ஆக்கள் வேறையா ஒரு மண்டபத்திலை கூடிச் செபிக்கினம், அவை பிள்ளை வளரட்டும் எண்டு சொல்லுகினம். மலர் கத்தோலிக்கக் கோயிலிலை ஞானஸ்நானம் குடுப்பம் எண்டுறாள். எல்லாப் படியும் ஏறி இறங்கினவர் நீங்கள்தானே அப்பு, நீங்களே சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தாய். அந்தக் கேலிக்கு நான் சிரித்தேன். கீழே நீ எழுதியிருந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. "ரூபிக்கு ஒருத்தரும் தண்ணி ஊத்தேல்லை எண்டு மலர் இப்பவும் அழுகிறாள்."

ரூபிக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டது. நீ முகம் பாராத உன் மூத்த மகளுக்கு நான் ஊற்றினேன். மலருக்கு அது தெரியாது, உனக்கும் தெரியாது. ஊற்றியது சரியாக ஊற்றப்பட்டதா என்று எனக்கே தெரியாமல் இருந்ததால்தான் இவ்வளவு காலமும் உங்களிடம் சொல்லவில்லை. உன் மகனை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. அதனால் முதலில் இருந்து சொல்லுகிறேன். அவசரப்படாமல் வாசி. நானும் அவசரமில்லாமல்தான் எழுதுகிறேன், வடக்கே ஷெல் விழுகிற சத்தம் கிட்டக்கிட்ட வந்துகொண்டிருந்தாலும்.

என் முதல் தண்ணீர், வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய மிசன் கோயிலில். நான் அப்போது என் ஆச்சியின் இடுப்பில் இருந்த குழந்தை. எங்கள் ஆட்களைச் சைவக் கோவிலின் மதிலுக்கு உள்ளே விடாத காலம் அது. திருவிழாவில் சாமி வெளிவீதிக்கு வந்தால்தான் நாங்கள் பார்க்கலாம், அதுவும் எட்ட நின்று. உள்ளே வா என்று கூப்பிட்டது மிசன் கோயில் ஒன்றுதான் என்று என் அப்பு சொல்லுவார். உள்ளே போனால் வாங்குப் பலகைகளில் நிலம் வைத்திருந்த உயர்சாதித் தோட்டக்காரர் இருந்தார்கள், பின்னால் எங்களுக்குப் பாய் போட்டிருந்தது. இராப்போசனத்தில் கிண்ணம் எங்களுக்குக் கடைசியில் வரும். எங்களுக்குப் பிறகு அதில் குடிக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் என்னை விறாந்தையில் இருத்தினார்கள். கொஞ்ச நாள் வெளியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தோட்டங்களுக்கு வேலி அடைக்கப் போய்விட்டேன். எழுத்து அப்படித்தான் என்னை விட்டுப் போனது. அந்தப் பாயில் இருந்துகொண்டு நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கடவுளுக்கு முன்னால் எனக்குரிய இடம் எது என்று பார்த்து நடக்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீர் உன் அம்மாவால் வந்தது. கரையோரத்துப் பெண் அவள், செபமாலையைக் கையிலிருந்து இறக்காதவள். கல்யாணத்துக்கு முன் அவர்களுடைய கத்தோலிக்கச் சுவாமி என்னைக் கூப்பிட்டு, மிசனில் ஊற்றியது சரியில்லை என்றால் இது சரியாக இருக்கட்டும் என்று சொல்லி மறுபடியும் ஊற்றினார். உனக்கும் அந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம் கொடுத்தோம். நீ வீரிட்டு அழுதாய், உன் அம்மா சிரித்தாள். அங்கே வாங்கும் பாயும் என்ற பிரிவு எனக்குத் தெரியவில்லை. அது கடற்கரைச் சனத்தின் கோயில், நான் அவர்களுடைய மருமகன். நல்ல வருடங்கள் அவை. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம்வரை நல்ல வருடங்கள்.

அந்த ஆடி மாதத்தை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது ஊரடங்கு. சுவாமியைக் கூட்டிவர நீ சைக்கிளில் போனாய். சந்தியில் ஆமிக்காரர் உன்னை மறித்து, தார் றோட்டில் முழங்காலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். நீ முழங்கால் தோல் உரிந்து வந்து நின்றாய், அம்மா உன் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். சாகிறவருக்குச் சுவாமி எண்ணெய் பூசுகிற அந்தப் பூசுதல் இல்லாமலே அவள் போனாள். எனக்குச் சுவாமியில் கோபம். அவர் என்ன செய்ய முடியும் என்று நீ சொன்னாய். கோபத்துக்கு ஞாயம் விளங்காது. அன்று வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, விடியும்வரை எங்களோடு இருந்து பாடியவர்கள் பெந்தெகொஸ்தே ஆட்கள். துக்கத்தில் பக்கத்தில் இருந்தவனுடைய கடவுள்தான் கடவுள் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த மாரி மழைக்குள் நான் அவர்களோடு சேர்ந்துவிட்டேன்.

உடுப்பிட்டிப் பக்கத்துப் பாஸ்டர் ஒருவர் தொண்டைமானாற்று உப்புத் தண்ணீரில் என்னை முழுதாக முக்கி எடுத்தார். அது என் மூன்றாவது தண்ணீர். நீ கரையில் என் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அப்பு, இன்னும் எத்தினை தரம் குளிப்பியள்? ஊத்தை போகேல்லையோ?" என்றாய்.

"வாயை மூடடா. முந்தி ஊத்தினது ஒண்டும் தண்ணியில்லை, இதுதான் தண்ணி."

"அப்ப எனக்கு ஊத்தினது?"

"உனக்கு ஊத்தினதும் தண்ணியில்லை."

"சரி. அம்மாவுக்கு?"

நான் குனிந்து வேட்டியைப் பிழிந்தேன். நீ துவாயை என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு சபையில் சேருகிறவன் தன் வீட்டில் செத்தவர்களையும் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தீர்க்கவேண்டி வருகிறது. அதை அன்று நான் யோசிக்கவில்லை. கை தட்டிப் பாடினேன். உண்மையாகவே சந்தோசமாகப் பாடினேன், அதையும் நான் மறைக்கமாட்டேன்.

நீ வெளிநாடு போன பிறகு ரூபி பிறந்தாள். மலர் அவளைக் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோகக் கேட்டாள். அவளுக்கு வேறு யார் இருந்தார்கள் கேட்பதற்கு. நான்தான் மறித்தேன்.

"வேண்டாம் பிள்ளை. வளர்ந்து, தானா விசுவாசிச்சு, தானா வந்து எடுக்கட்டும்."

"மாமா, இந்த நாட்டிலை பிள்ளையள் வளருமெண்டு ஆர் கண்டது?"

"கர்த்தர் வளர்ப்பார்."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மகனே, நீ என்னிடம் புத்தி கேட்டு எழுதியிருக்கிறாய். அன்று மலருக்கு நான் சொன்னதைப்போலத் தெளிவாக இனி ஒருவருக்கும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் இந்தியன் ஆமி வந்தது. எங்கும் ஷெல். நாங்கள் கோப்பாயில் ஒரு கோவிலுக்குள் ஓடினோம். என் அப்பு மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்ட கோவில் அது. அன்று யாரையும் யாரும் மறிக்கவில்லை. தூண்களுக்கு நடுவே சனம் நெருக்கி நெருக்கிப் படுத்திருந்தது. மலர் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். ரூபிக்குக் குடித்ததை வெளியே தள்ளுகிற சத்தியும் வயிற்றோட்டமும். கிணறு வெளிவீதியில் இருந்தது. தண்ணீருக்குப் போனவர்கள் இருவர் திரும்பி வரவில்லை, அதன் பிறகு ஒருவரும் போகவில்லை. எங்களிடம் ஒரு சின்னச் செம்பில் அடித்தண்ணீர் இருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் புத்தூர்த் தோட்டக்காரக் குடும்பம் ஒன்று. அந்தப் பெண்ணும் மடியில் ஒரு கைக்குழந்தை வைத்திருந்தாள். அவர்கள் வீட்டு வேலியை நான் அடைத்திருக்கிறேன். அங்கே எனக்குத் தாகம் எடுத்தால் அவளுடைய மாமி எட்டி நின்று என் இரண்டு கையிலும் தண்ணீரை ஊற்றுவாள். நான் குனிந்து குடிப்பேன்.

மத்தியானம் ரூபியின் கண் மேலே செருகியது. நெற்றி குளிர்ந்தது. என் பாஸ்டரின் உபதேசமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. வளர்ந்து, தானாக வந்து எடுக்கட்டும் என்று நான் சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆபத்து நேரத்தில் யாரும் ஊற்றலாம் என்று உன் அம்மா எப்போதோ சொன்னது நினைவு வந்தது. செம்பை எடுத்தேன். பிதாவின் என்று சொல்லி ஊற்றினேன். சுதன் என்று சொல்லி ஊற்றினேன். சுதன் என்பது அம்மாவின் கோயிலில் சொல்லுவது. உடனே என் வாய் தானாக, மிசனிலும் பெந்தெகொஸ்தேயிலும் சொல்லுகிறபடி, குமாரன் என்றது. கையும் ஊற்றிவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. செம்பு தீர்ந்துபோயிற்று. ஷெல் ஒன்று வெளிவீதியில் விழுந்தது. பரிசுத்த ஆவியைச் சொன்னேனா, சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. வெறும் செம்பைப் பார்த்துக்கொண்டு இருந்ததுதான் கடைசி நினைவு. காது இரைந்துகொண்டிருந்தது. அது அடங்கியபோது பிள்ளை அடங்கிவிட்டாள். பக்கத்துத் தோட்டத்து வரம்போரம் அவளை மண்ணில் வைத்தோம்.

எல்லாச் சபையின் தண்ணீரையும் வாங்கியவன் நான். என் பேத்திக்கு ஊற்ற வேண்டிய ஒரு தரம் வந்தபோது, எல்லாச் சபையும் என் வாயில் ஒன்றாக வந்து நின்று, பிள்ளைக்குச் சேரவேண்டியதைக் கெடுத்துவிட்டன என்று நினைத்தேன். இப்படி ஒரு பிழையை ஒரே கோயிலில் இருந்தவன் விட்டிருக்கமாட்டான்.

பாதை திறந்ததும் பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "ஐயா, குழந்தைக்கு ஊத்துறது ஞானஸ்நானமே இல்லை. அதுவும் விக்கிரகத்துக்கு முன்னாலை. நீங்கள் விசுவாசத்தோடை செபிச்சிருந்தால் பிள்ளை எழும்பியிருக்கும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த நாட்களில் றோட்டில் கிடந்த உடல்களைத் தன் கையால் தூக்கி அடக்கம் செய்தவர். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் அங்கே கை தட்ட முடியவில்லை. சுவாமியிடம் போனேன். "என்ன வார்த்தை சொன்னீர்?" என்று கேட்டார். சொன்னேன். "அதுக்குப் பிறகு?" "தெரியாது சுவாமி." அவர், "கடவுள் இரக்கமுள்ளவர். அதை விடுங்கோ" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு விடத்தான் முடியவில்லை. மிசன் போதகரிடமும் போனேன். இதெல்லாம் பெரிய கேள்வியில்லை என்று என் முதுகில் தட்டினார். பிறகு நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. மலர் உன்னிடம் வந்தாள். வீட்டில் நானும் பனங்கிழங்கு விற்கிற காசும் மிஞ்சினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலி அடைத்தேன்.

இப்போது உன் தெரு முடக்கில் இருக்கிற சபைக்கு வருகிறேன். அது எனக்கு ஒரு தகரக் கொட்டிலில் கிடைத்தது. எண்பத்து மூன்றில் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பு லயம் எரிந்து, வன்னிக்கு வந்து, அங்கேயும் இருக்க முடியாமல் கோப்பாய்க்கு வந்த ஒரு உபதேசியார். தோட்டத்தில் தேயிலை எடுத்த சனத்துக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர். மண்ணெண்ணெய் கிடைக்காத இந்தக் காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு, துளி எண்ணெயில் எரிகிற விளக்குச் செய்து விற்றார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டிலில் அவரைப்போல இடம்பெயர்ந்த நாலைந்து குடும்பம் கூடும். ஊரார் அவர்களை எட்டித்தான் வைத்திருந்தார்கள். அவர்களுடைய பேச்சைக் கேட்டுப் பெடியள் பகிடி பண்ணுவார்கள். நான் அந்தக் கொட்டிலின் வேலியை அடைக்கப் போனவன். வேலிக்கு வெளியே நின்று, ஒரு ஞாயிறு கேட்டேன், அடுத்த ஞாயிறு கேட்டேன். அங்கே பாயும் வாங்கும் இல்லை, எல்லோரும் சாக்கில் இருந்தார்கள். கிண்ணம் உபதேசியாரின் கையிலிருந்து முதலில் யார் கிட்ட இருக்கிறாரோ அவருக்குப் போயிற்று.

சேர்ந்துவிடுவது என்று தீர்மானித்தேன். எனக்கு முறை தெரியும்தானே. ஒரு பையில் மாற்று வேட்டியும் சால்வையும் துவாயும் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னங்க ஐயா, பையெல்லாம் தூக்கிட்டு? கடலுக்கா போறீங்க?"

"ஞானஸ்நானம் எடுக்க வந்தனான். தண்ணி எங்கை ஊத்துவியள், கிணத்தடியிலையோ?"

"இதுக்கு முன்ன எடுத்ததில்லையா?"

"எடுத்தனான். மிசனிலை, கத்தோலிக்கத்திலை, பெந்தெகொஸ்தேயிலை."

அவர் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "முத தண்ணியே இன்னும் காயலங்க. அதுக்கு மேல எதுக்கு? வந்து உக்காருங்க, அவ்வளவுதான்."

"அது பாயிலை இருத்தி ஊத்தின தண்ணி."

"இருத்துனது மனுசங்க. ஊத்துனது கடவுள்."

பையோடு நான் திரும்பி வந்தேன். வழியில் ஒரு மதகில் இருந்து அழுதேன். சந்தோசமா துக்கமா என்று தெரியாத அழுகை. போன இடமெல்லாம் நான் எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை என்றுதான் கேட்டார்கள். என் ஆச்சியின் இடுப்பில் இருந்தபோது, நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் இருந்தபோது நடந்ததே போதும் என்று சொன்ன முதல் ஆள் அவர். லூத்தரன் என்றால் என்ன என்று நீ என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரிய விளக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவரிடம் ரூபியைப்பற்றிச் சொன்னேன். அவர் என்னை விடச் சொல்லவில்லை, முதுகில் தட்டவுமில்லை. தன் பீடிக்குப் பக்கத்தில் என் சுருட்டையும் பற்றவைத்துத் தந்துவிட்டுக் கேட்டார்.

"பக்கத்துல யாரு இருந்தா?"

"மருமகளுக்கு நினைவில்லை. புத்தூர்க் குடும்பம் ஒண்டு இருந்தது. அவை சைவம்."

"சைவமா இருந்தா கண்ணு தெரியாதா? போய்க் கேட்டுட்டு வாங்க. ஆபத்துல கொடுத்த ஞானஸ்நானத்த, கூட இருந்தவங்கள கேட்டுத்தான் ஊர்ஜிதம் பண்றது எங்க வழக்கம். உங்க ஞாபகத்த மட்டும் நம்பிக்கிட்டு இருக்கக்கூடாது. துக்கத்துல இருந்தவரு நீங்க."

கேட்க எனக்கு மாதக்கணக்காகத் தைரியம் வரவில்லை. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது. கேட்காமல் இருக்கும்வரை பாதி நம்பிக்கையாவது எனக்கு இருந்தது. அந்த மாதங்களில்தான் உபதேசியாரின் மனைவி எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தாள். ஆராதனையில் சபை திருப்பிச் சொல்லவேண்டிய இடங்களில் நான் சும்மா வாயை அசைப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். கொட்டிலின் முன்னால் மணலில் விரலால் எழுதுவேன். அவள் பார்த்து, "ஐயா, இந்த 'இ' படுத்துக் கெடக்கு, எழுப்பி விடுங்க" என்பாள். மழை வந்தால் என் படிப்பு கரைந்து ஓடும். ஒரு நாள் கூட்டுறவுச் சங்கக்கடைப் பலகையில் அரிசி இல்லை என்று எழுதியிருந்ததை நானே வாசித்தேன். அரிசி இல்லை என்ற துக்கத்தைவிட வாசித்த சந்தோசம் பெரிதாக இருந்தது. அந்தத் துணிவில்தான் புத்தூருக்குச் சைக்கிளைத் திருப்பினேன்.

அந்த வீட்டில் வேலி சாய்ந்து கிடந்தது. மாமி செத்துப்போயிருந்தாள். அந்தப் பெண் வெங்காயத் தாள்களைச் சேர்த்துப் பிடி பிடியாகப் பின்னிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பெட்டைப் பிள்ளை ஓடி வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அன்று மடியில் இருந்த குழந்தை அதுதான் என்று எனக்கு விளங்கியது. ரூபியும் அந்த உயரம்தான் இருப்பாள்.

"வேலி அடைக்கவோ வந்தனியள்?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. ஒரு கதை கேக்க வந்தனான். கோவிலிலை என்ரை பேத்தி போன அண்டைக்கு நீங்கள் பக்கத்திலை இருந்தனியள். நான் தண்ணி ஊத்தினது நினைவிருக்கோ?"

அவள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். முகம் மாறியது. எழும்பி உள்ளே போய், தேத்தண்ணியைத் தாங்கள் குடிக்கிற பேணியில் கொண்டுவந்து என் கையில் தந்தாள். பிறகு எதிரே நிலத்தில் இருந்தாள்.

"இதைக் கேட்டு ஆரும் வருவினம் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் செய்தது பிழையெண்டால் சொல்லுங்கோ. எனக்கு உங்கடை முறை தெரியாது."

"நீங்கள் என்ன செய்தனியள்?"

"உங்கடை செம்பிலை தண்ணி முடிஞ்சிட்டுது. ஆனா உங்கடை வாய் நிக்கேல்லை, பரிசுத்த ஆவி, பரிசுத்த ஆவி எண்டு சொல்லிக்கொண்டே இருந்தனியள். வெறும் செம்பைச் சரிச்சுச் சரிச்சுப் பிடிச்சியள். பிள்ளை கண்ணை முழிச்சுப் பாத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கேல்லை. என்ரை மகளுக்கெண்டு கொதிச்சாற வைச்ச தண்ணி போத்திலிலை இருந்தது. அதை நான் ஊத்திவிட்டன். பிள்ளை கண்ணை மூடினது அதுக்குப் பிறகுதான்."

நான் பேணியை இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் மேலும் கேட்டாள்.

"நான் சைவம். உங்கடை சடங்குக்குள்ளை நான் கை வைச்சதாலை பழுதாப் போச்சோ? இவ்வளவு காலமும் அதுதான் எனக்குள்ளை. இவர் சொன்னார், உனக்கேன் உந்த வேலை, அவையின்ரை வேதத்திலை உது குற்றமாயிருக்கும் எண்டு. பிள்ளை நல்ல இடத்துக்குப் போகாமல் விட்டிட்டுதோ எண்டு எனக்குப் பயம்."

மகனே, நான் ஒருவன்தான் அந்தச் செம்பைச் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு மைல் தள்ளி, என் வேதத்தைச் சேராத ஒருத்தி அதே பிள்ளைக்காக அதே பயத்தோடு வெங்காயம் பின்னிக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று அவளுடைய பிள்ளைக்கும் வேறு தண்ணீர் இருக்கவில்லை. கிணற்றுக்குப் போக முடியாது என்று தெரிந்தும் ஊற்றியிருக்கிறாள். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லுகிற வேலையை நான் மலரோடு முடித்துக்கொண்டவன். கேட்டுக்கொண்டு வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உபதேசியார் எல்லாவற்றையும் கேட்டார். சுதனும் குமாரனுமாக இரண்டு தரம் சொன்னதைச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தார். "அவரு கோவிச்சுக்க மாட்டாருங்க" என்றார். போத்தில் தண்ணீரைப்பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழும்பி நின்றார்.

"வார்த்த சொன்னீங்க. தண்ணி விழுந்துச்சு. புள்ள உசுரோட இருந்துச்சு. இதுல கொறை ஒண்ணும் இல்ல. நாளைக்கே போயி அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, பழுதாகலன்னு. சபை சொல்லிச்சுன்னு சொல்லுங்க."

சபை என்றது அந்தக் கொட்டிலையும் நாலைந்து குடும்பத்தையும்தான். ஆனால் அவர் சொன்னபோது அது பெரிதாகக் கேட்டது. மறுநாள் போய்ச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு, வேலியைப் பார்த்துத் தருவியளோ என்று கேட்டாள். அடைத்துக் கொடுத்தேன்.

இனி உன் கேள்வி. உன் மகனுக்கு ஊற்றுவி. வளரட்டும் என்று சொல்லுகிறவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், நானும் அப்படிச் சொன்னவன்தான். தெரு முடக்கில் இருப்பது என் சபை என்பதால் அங்கே கொண்டுபோ என்று நான் மனதுக்குள் ஆசைப்படுகிறேன், அதை ஒளிக்கவில்லை. ஆனால் மலர் கத்தோலிக்கக் கோயிலில்தான் என்று நின்றால், அவளை மறிக்காதே. ஒரு தரம் அவளை மறித்தாயிற்று. எங்கே ஊற்றினாலும் அதோடு விடு. பிறகு அவன் எந்தச் சபைக்குப் போனாலும், யார் வந்து முந்தினது தண்ணீர் இல்லை என்று சொன்னாலும், திரும்ப முக்கி எடுக்க விடாதே. நீ கரையில் துவாயோடு நின்றபோது கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் சொல்லுகிறேன். அம்மாவுக்கு ஊற்றியதும் தண்ணீர்தான். பூசுதல் இல்லாமல் போனாலும், அது காயவில்லை.

இங்கே நாள் நல்லாயில்லை. புத்தூர்ப் பக்கத்துச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு இந்த வழியால் வரத் தொடங்கிவிட்டது. போத்தில் தண்ணீர் ஊற்றிய அந்தப் பெண்ணையோ அவள் வீட்டாரையோ இன்னும் காணவில்லை. ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டுதான் வாசல் படலையில் இருந்து எழுதுகிறேன். கிளாலிக் கடல் கடந்து கொழும்புக்குப் போகிற ஒருவர் இதைக் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாங்களும் செம்மணி தாண்டித் தென்மராட்சிக்குப் போகவேண்டி வரும் என்று உபதேசியார் சொல்லுகிறார். அவருக்கு இது பழகிய வேலை, விளக்குகளை ஏற்கனவே சாக்கில் கட்டிவிட்டார். அந்த வரம்போரத்தை விட்டுப் போவதுதான் எனக்குக் கஷ்டம்.

மலருக்கு இதை நீ வாசித்துக் காட்டு. என் எழுத்து அவளுக்கு விளங்காமல் போகலாம். ஞானஸ்நானம் கொடுக்கும்போது, பிள்ளைக்கு ஞானத்தாய் யார் என்று கேட்பார்கள். உன் மகனுக்கு யாரை நிறுத்துவது என்பது உங்கள் இரண்டு பேருடைய விருப்பம். முந்தின பிள்ளைக்கு யார் நின்றது என்று அவர்கள் கேட்டால், முழிக்க வேண்டாம். தலையை நிமிர்த்திச் சொல்லு: ரூபியின் ஞானத்தாய், புத்தூர் சிவபாக்கியம்.

அப்பு